புறம்போக்குன்னா யாரோடது? – வாசகர் கேள்வி, ரிட்டயர்டு சர்வேயர் பதில்

போன மாசம் ஏரியப் பத்தி நாலு வரி எழுதினதுக்கு இவ்ளோ கேள்வி வரும்னு எதிர்பாக்கல, ஆபீஸ்ல இருந்து ஒரு மஞ்சப்பை நிறைய பிரிண்ட் எடுத்து அனுப்பிட்டாங்க. முப்பது வருஷம் சர்வே சங்கிலி இழுத்தவன்கிறதால எனக்கு எல்லாம் தெரியும்னு நெனச்சிடாதீங்க, கோடு போடத் தெரியும், அந்தக் கோட்டால யாருக்கு என்ன ஆச்சுன்னு ரிட்டயர் ஆனப்புறம்தான் போய்ப் பாத்தேன். ஆறு கேள்வி எடுத்திருக்கேன், மத்ததுக்கு மெதுவா வர்றேன்.

கேள்வி: சார், புழல் ஏரிக்கு மேல்பக்கம் எங்க தாத்தா காலத்து நிலம் 40 சென்ட் இருக்கு. நீர்ப்பிடிப்புப் பகுதின்னு சொல்லி பிளான் பாஸ் பண்ண மாட்டேங்குறாங்க, விக்கவும் முடியல. ரெண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறவன் பிளாட் போட்டு வித்து கார்ல போறான். தண்ணி குடிக்கிறது மெட்ராஸ், தடை மட்டும் எனக்கா? – வாசகர், செங்குன்றம் பக்கம்

பதில்: கோபம் நியாயம்தான். முதல்ல ஒண்ணு, புரோக்கர் சொன்னத நம்பாம உங்க சர்வே நம்பர் நிஜமாவே அந்தத் தடைக்குள்ள வருதான்னு சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்துல (சி.எம்.டி.ஏ.) கேட்டுப் பாருங்க, தடைன்னு பயமுறுத்தி அடிமாட்டு விலைக்கு வாங்குற ஆளுங்க அந்தப் பக்கம் நிறைய.

தடை உண்மைன்னா, அது வேணும்னுதான் நானும் சொல்வேன். புழல்ல 3,300 மில்லியன் கனஅடி தண்ணி நிக்கும், மேல்பக்கம் முழுக்க காங்கிரீட் போட்டா ஏரிக்கு வர்றது மழைத்தண்ணியா இருக்காது, செப்டிக் டேங்க் தண்ணியா இருக்கும். 2008ல வந்த ரெண்டாவது மாஸ்டர் பிளான்ல அதனாலதான் செங்குன்றம் நீர்ப்பிடிப்ப தனியா பிரிச்சு வெச்சாங்க, அதே மாதிரி ஈ.சி.ஆர். ஓரம் மணல் பகுதியையும் நிலத்தடி நீர் ஊறுற இடம்னு பிரிச்சாங்க. கோடு போட்டது தப்பில்ல. கோட்டுக்கு இந்தப்பக்கம் இருக்கிறவன் நஷ்டத்த அந்தப்பக்கம் இருக்கிறவன் பில்லுல சேக்காம விட்டதுதான் தப்பு. ரோட்டுக்கு இடம் கொடுத்தா டி.டி.ஆர்.னு ஒரு சர்டிபிகேட் தர்றாங்க, அத வேற இடத்துல கூடுதல் மாடி கட்ட யூஸ் பண்ணலாம், விக்கலாம். ஒரு ஊருக்கே தண்ணி ஊறட்டும்னு நிலத்த சும்மா வெச்சிருக்கிறவனுக்கு ஏன் அந்த மாதிரி ஒண்ணு இருக்கக்கூடாது? நியூயார்க்ல 1997ல இதைத்தான் பண்ணாங்க, மலைமேல இருக்கிற கேட்ஸ்கில் விவசாயிங்களோடயும் அங்க உள்ள ஊர்களோடயும் ஒப்பந்தம் போட்டு, சாணி ஓடையில கலக்காம பாத்துக்க, வீட்டுக் கழிவுத் தொட்டிய மாத்தன்னு நகரமே காசு கொடுத்துச்சு. கோடிக்கணக்கான டாலர் ஃபில்டர் பிளான்ட் கட்டுறத விட அது சீப்புன்னு கணக்குப் போட்டுதான் பண்ணாங்க, தர்மம் எல்லாம் இல்ல.

ஆனா உங்ககிட்டயும் ஒரு கேள்வி இருக்கு சார். மெட்ராஸ்ல தண்ணி இல்லாதப்ப, 2019ல கூட, திருவள்ளூர் பக்கம் விவசாயக் கிணத்துல இருந்து தண்ணி விலைக்கு எடுத்தாங்க ஞாபகம் இருக்கா. காசு கிணத்துக்காரங்களுக்கு வந்துச்சு. நாத்து நட்டவங்க, களை எடுத்தவங்களுக்கு அந்த சீசன் வேலையே இல்ல, அவங்க பேரு எந்த ரசீதுலயும் இல்ல. நாளைக்கு உங்களுக்கு நஷ்டஈடு வந்தா உங்க 40 சென்ட்ல கூலி வேலை பாத்த குடும்பத்துக்கும் ஒரு பங்குன்னு மனுவுல நீங்களே எழுதுவீங்களா? எழுதினீங்கன்னா கையெழுத்து போட நானும் வர்றேன்.

கேள்வி: மேடவாக்கம் பக்கம் லோன் போட்டு ஃபிளாட் வாங்கினோம். அப்ரூவல், ரெரா எல்லாம் பக்கா. ஒவ்வொரு மழைக்கும் பார்க்கிங்ல படகு விடுற நிலைமை. டிவியில பேசுறவங்க எங்களத்தான் சதுப்பு நிலத்த ஆக்கிரமிச்சவங்கன்னு திட்டுறாங்க. அப்ப கண்ணகி நகர்ல அரசாங்கமே கட்டினது மட்டும் சரியா? – வாசகி, தென்சென்னை

பதில்: நீங்க ஆக்கிரமிப்பாளர் இல்ல மேடம், பட்டா பாத்து, ஈ.சி. (வில்லங்கச் சான்று) போட்டு, பேங்க் வக்கீல் ஓகே சொல்லி வாங்கினவங்க. ஆனா அந்தப் பேப்பர் எல்லாம் சரியா இருக்கிறதுதான் பிரச்சனையே.

பள்ளிக்கரணை சதுப்பு நிலத்த அந்தக் காலத்து ஆளுங்க கழுவெளின்னு சொல்லுவாங்க. தென்சென்னை பக்கம் இருக்கிற ஏரிங்க எல்லாம் ஒண்ணுக்கொண்ணு கலங்கல் வழியா வழிஞ்சு கடைசியா அங்கதான் வந்து படுக்கும், அப்புறம் ஒக்கியம் மடுவு வழியா பக்கிங்காம் கால்வாய், அங்கிருந்து கோவளம் முகத்துவாரம். ஒரு காலத்துல 5,000 ஹெக்டேருக்கு மேல இருந்த இடம். அத எங்க ரெவின்யூ பாஷையில எப்படி எழுதுவோம் தெரியுமா, தரிசு. வரி வராத நிலம் எங்களுக்கு தரிசுதான், அதுல மீன் இருக்கா, கோரை அறுக்கிறாங்களா, ஊர் வெள்ளத்தத் தாங்குதான்னு எழுத ரெஜிஸ்டர்ல ஒரு கட்டம் கிடையாது. தரிசுன்னு எழுதினா போதும், மத்ததெல்லாம் தானா நடக்கும், ஒரு பக்கம் பெருங்குடி குப்பைமேடு, ஒரு பக்கம் ஐ.டி. கம்பெனி, ரயில், ரோடு, காலேஜ், உங்க ஃபிளாட். 2007ல 317 ஹெக்டேர காப்புக்காடுன்னு அறிவிச்சாங்க, 2022ல 1,247 ஹெக்டேர் ராம்சார்ங்கிற உலக ஈரநிலப் பட்டியல்ல வந்துச்சு. வந்தது நல்லது, அதுக்குள்ள பாதி கதை முடிஞ்சிருச்சு.

இப்ப கண்ணகி நகர். அங்க இருக்கிறவங்க அந்த இடத்தக் கேட்டு வாங்கல. கூவம் ஓரம், அடையாறு ஓரம், மெட்ராஸ் நடுவுல வேலைக்குப் பக்கத்துல குடிசை போட்டு இருந்தவங்கள, நீர்நிலை ஆக்கிரமிப்புன்னு சொல்லி லாரியில ஏத்தி 2000த்துல இருந்து இங்க கொண்டு வந்து விட்டாங்க, அப்புறம் செம்மஞ்சேரி, அப்புறம் பெரும்பாக்கத்துல எட்டு மாடி. நீர்நிலையில இருந்து எடுத்து இன்னொரு நீர்நிலை ஓரத்துல! 2015 வெள்ளத்துல அந்த வீடுங்களையும் தண்ணி சூழ்ந்துச்சு. ஊருக்கு இளைச்சவன் பிள்ளையார் கோயில் ஆண்டின்னு சும்மாவா சொன்னாங்க. அதே அடையாத்து ஓரத்துல இருந்த பெரிய பெரிய கட்டடத்துக்கு எத்தனை லாரி போச்சுன்னு யோசிச்சுப் பாருங்க.

அதனால அது மட்டும் சரியான்னு கேக்காதீங்க, ரெண்டும் தப்பு. ஆனா உங்களுக்கு வேற இடத்துல வாங்குற வாய்ப்பு இருந்துச்சு, கம்மி விலையோ ஆபீஸ் பக்கமோ பாத்து இங்க வாங்கினீங்க, அவங்களுக்கு அந்த வாய்ப்பே இல்ல. இன்னொரு விஷயம், உங்க அசோசியேஷன் மீட்டிங்ல எங்க ரோட்ட ரெண்டடி உசத்துங்கன்னு தீர்மானம் போடுவாங்க, நான் நிறைய பாத்திருக்கேன். உசத்தினா உங்க தண்ணி எங்க போகும்? பள்ளத்துல இருக்கிற அடுத்த தெருவுக்கு. ஒக்கியம் மடுவுக்குப் போற வழிய அகலப்படுத்துங்க, குப்பை எடுங்கன்னு கேளுங்க, அதுக்கு உங்களோட சேந்து கண்ணகி நகர்க்காரங்களும் கையெழுத்து போடுவாங்க. ஒரே வெள்ளம்தானே.

கேள்வி: ஐயா, எங்கம்மா 30 ஆடு மேய்ச்சுதான் என்னைப் படிக்க வெச்சாங்க. எங்க ஊரு மேய்க்கால் புறம்போக்க இப்ப ஒரு கம்பெனிக்கு கொடுக்கப் போறாங்களாம், கல்லு நட்டுட்டாங்க. பட்டா நிலம் கொடுத்தவங்களுக்கு பணம் வருதாம். எங்களுக்கு ஒண்ணும் கிடையாது, அது கவர்மெண்ட் இடம்னு தாலுகா ஆபீஸ்ல சொல்றாங்க. அப்படியா? – வாசகி, விருதுநகர் மாவட்டம்

பதில்: தாயி, இந்தக் கேள்விக்கு பதில் எழுத எனக்கே கூச்சமா இருக்கு, ஏன்னா உங்க ஊர் மாதிரி எத்தனையோ ஊர்ல "மேற்படி நிலம் தற்போது எவ்வித உபயோகத்திலும் இல்லை"ன்னு நானே ரிப்போர்ட் எழுதியிருக்கேன். பதினோரு மணிக்குப் போய் பாத்தா ஆடு இருக்காது, விடியக்காலையும் சாயங்காலமும்தான் இருக்கும், எங்க ஆபீஸ் டைம் வேற.

புறம்போக்குன்னா வரிக்கணக்குக்கு வெளிய நிக்கிற நிலம், அவ்ளோதான் அர்த்தம். வசவுச் சொல்லா ஆனது பின்னாடி. மேய்க்கால், மந்தை, களம், சுடுகாடு, ஓடை, ஏரின்னு ஊர்ல எல்லாருக்கும் வேணும்னு விட்டு வெச்சது. வெள்ளைக்காரன் காலத்துலயும் அதுக்கு வரி போடல. இன்னைக்கு அதையே கவர்மெண்ட் இடம்னு சொல்றாங்க பாருங்க, அங்கதான் உங்கம்மா காணாம போறாங்க. ஊருக்குப் பொதுவா இருந்தது அரசாங்கத்துக்குச் சொந்தம்னு ஆச்சு, அரசாங்கத்துக்குச் சொந்தம்னா யாருக்கு வேணா கொடுக்கலாம்.

சட்டம் என்ன சொல்லுதுன்னா, 2013 நிலம் எடுப்புச் சட்டத்துல பாதிக்கப்பட்ட குடும்பம்னா பட்டாதாரர் மட்டும் இல்ல. மூணு வருஷமா அந்த நிலத்துல வேலை பாத்து பொழைக்கிற கூலிக்காரர், குத்தகைக்காரர், காட்டையோ நீர்நிலையையோ நம்பி பொறுக்கி எடுத்து, மீன் பிடிச்சு வாழறவங்க எல்லாம் அதுல வருவாங்க. நல்ல சட்டம். ஓட்டை எங்கன்னா, புறம்போக்க அவங்க "எடுக்குறது" இல்ல, ஒரு துறையில இருந்து இன்னொரு துறைக்கு "மாத்துறாங்க", அது நில மாற்றம். அதனால சமூகத் தாக்க ஆய்வு, மறுவாழ்வு எதுவும் ஓடி வராது. தொழிலுக்குன்னா தமிழ்நாட்டுக்குத் தனியா 1997 சட்டம் வேற இருக்கு. 2023ல சிறப்புத் திட்டங்களுக்கான நில ஒருங்கிணைப்புச் சட்டம்னு ஒண்ணு வந்துச்சு, 100 ஹெக்டேருக்கு மேல பெரிய திட்டம்னா நடுவுல ஓடை, ஏரி இருந்தாலும் சேத்துக் கொடுக்க வழி பண்ற சட்டம், சட்டசபையில விவாதமே இல்லாம நிறைவேறுச்சு.

ஆனா உங்க கையிலயும் சாமான் இருக்கு. 2011ல சுப்ரீம் கோர்ட் ஜக்பால் சிங் வழக்குல, பஞ்சாப்ல ஒரு ஊர்க்குளத்த மூடி வீடு கட்டின விவகாரம் அது, ஊர்ப் பொதுநிலத்த ஊருக்கே திருப்பிக் கொடுங்கன்னு எல்லா மாநிலத்துக்கும் சொன்னாங்க. அதுலயே விதிவிலக்கும் வெச்சாங்க, நிலமில்லாத கூலிக்காரங்க, எஸ்.சி., எஸ்.டி. மக்களுக்குக் கொடுத்தது, ஏற்கனவே பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி இருக்கிற இடம். அதாவது ஏழை போட்ட குடிசையும் பெரிய ஆள் போட்ட காம்பவுண்டும் ஒண்ணில்லன்னு கோர்ட்டே பிரிச்சுப் பாத்திருக்கு. நம்ம ஊர்ல அந்தத் தீர்ப்பக் காட்டி முதல்ல இடிக்கிறது குடிசையத்தான், அது வேற கதை.

செய்ய வேண்டியது: இ-சேவை சைட்ல அ-பதிவேடு (ஊர் நிலம் எல்லாத்தோட வகையும் எழுதியிருக்கிற ரெஜிஸ்டர்) எடுத்து அந்த சர்வே நம்பர் மேய்க்கால்னு இருக்கிறத பிரிண்ட் எடுத்து வெச்சிக்கங்க. அடுத்த கிராம சபையில, வருஷத்துக்கு ஆறு தடவ நடக்கும், எத்தனை குடும்பம் எத்தனை ஆடு மாடு அங்க மேயுதுன்னு எண்ணிக்கையோட தீர்மானம் எழுத வைங்க. மாற்று மேய்ச்சல் இடம் எந்த சர்வே நம்பர்னு கேளுங்க. அரிட்டாபட்டில பாத்தீங்கல்ல, 2022லயே பல்லுயிர் பாரம்பரியத் தலம்னு அறிவிச்ச ஊர், 2024ல டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டுட்டாங்க, மேலூர் பக்கத்து ஊர்களெல்லாம் தீர்மானம் போட்டு மதுரை வரைக்கும் நடந்து போனப்புறம் 2025 ஜனவரில ரத்து ஆச்சு. தீர்மானம் மட்டும் போதாது, ஆனா தீர்மானம் இல்லாம நடந்து போனா வெறும் கூட்டம்னு சொல்லிடுவாங்க. அப்புறம் தீர்மானத்துல உங்கம்மா பேரு இருக்கான்னு பாருங்க, நிலம் இருக்கிறவங்க பேரு மட்டும் எழுதிட்டு எந்திரிச்சுப் போயிடுவாங்க.

கேள்வி: எங்க லேஅவுட் பார்க்க அசோசியேஷன் பூட்டி வெச்சிருக்கு, பக்கத்து வாடகை வீட்டுப் பசங்க உள்ள வரக்கூடாதாம். சரியா? – வாசகர், கோவை

பதில்: தப்பு. 10,000 சதுர மீட்டருக்கு மேல இடம்னா ரோடு போக 10 சதவீதம் திறந்தவெளியா ஒதுக்கி, உள்ளாட்சிக்கு தான செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்தே ஆகணும், ஓ.எஸ்.ஆர்.னு சொல்றது இதத்தான். எழுதிக் கொடுத்தாச்சுன்னா அது மாநகராட்சி இடம், பூட்டுச் சாவி அசோசியேஷனுக்கு எப்படி வரும்? ஆர்.டி.ஐ.ல தானப் பத்திரம் காப்பி கேளுங்க, பத்திரமே எழுதாம விட்டிருந்தாலும் அப்பத்தான் தெரியும். வாட்ச்மேன்கிட்ட சண்டை போடாதீங்க, அவர் பசங்களும் வெளியதான் விளையாடுது.

கேள்வி: நான் பாபநாசம் பக்கம், பாட்டனி படிக்கிறேன். எங்க மலைப் பழங்குடி காணிக்காரங்க சொன்ன மூலிகைய வெச்சு யாராவது மருந்து கண்டுபிடிச்சா லாபத்துல அவங்களுக்குப் பங்கு உண்டா? உலகத்துலயே முதல் உதாரணம் அவங்கதான்னு எங்க சார் சொன்னார். – மாணவி, நெல்லை மாவட்டம்

பதில்: உங்க சார் சொன்னது ஜீவனி கதை. 1987ல தாவரவியல் விஞ்ஞானிங்க சிலர் அகத்தியமலைல ஏறுறாங்க, இவங்க மூச்சு வாங்கி உக்காந்துட்டாங்க, வழிகாட்டின காணிக்காரங்க மட்டும் ஒரு சின்னப் பழத்தத் தின்னுட்டு அசராம போறாங்க. அதுதான் ஆரோக்கியப்பச்சை. அத வெச்சு கேரளாவுல பாலோடு தாவரவியல் பூங்காவுல ஜீவனிங்கிற மருந்து செஞ்சு 1995ல கோவை ஆரிய வைத்திய பார்மசிக்கு லைசென்ஸ் கொடுத்தாங்க, 10 லட்ச ரூபாய், விற்பனையில 2 சதவீதம் ராயல்டி, அதுல பாதி காணி மக்களுக்குன்னு முடிவாகி 1997ல டிரஸ்ட் போட்டாங்க. உலக மாநாடு எல்லாத்துலயும் இதத்தான் காட்டினாங்க.

உள்ள போய்ப் பாத்தா அவ்ளோ அழகா இல்ல. காணிகள்ல ஒரு பகுதிக்காரங்ககிட்ட மட்டும் பேசினாங்க, மத்த ஊர்க்காரங்க, குறிப்பா அவங்க வைத்தியம் பாக்குற மூத்தவங்க, எங்க குலத்து அறிவ வெளிய சொல்ல இவங்க யாருன்னு கோவிச்சுக்கிட்டாங்க. இன்னொண்ணு, இலை பறிச்சு கம்பெனிக்குக் கொடுத்தா கூலி வரும்னு பாத்தா, காட்டுல இருந்து இலை எடுக்கக்கூடாதுன்னு வனத்துறை தடுத்துச்சு. ராயல்டி காகிதத்துல, காடு வேற ஒருத்தர் கையில. மலைக்கு இந்தப்பக்கம் காரையாறு, சேர்வலாறு காணிக்குடியிருப்புல இருக்கிறவங்களும் அதே சனம்தான், ஆனா டிரஸ்ட் பேருலயே கேரளான்னு இருக்கு, மாநில எல்லை நாங்க போட்ட கோடு, செடிக்கு அது தெரியுமா.

சட்டப்படி பங்கு உண்டு, 2002 பல்லுயிர்ச் சட்டம் இருக்கு. 2018ல உத்தராகண்ட் ஹைகோர்ட்டும் திவ்யா பார்மசி வழக்குல இந்தியக் கம்பெனியும் பங்கு கொடுக்கணும்னுச்சு. ஆனா 2023 திருத்தத்துல ஏட்டுல இருக்கிற பாரம்பரிய அறிவுக்கும் ஆயுஷ் வைத்தியர்களுக்கும் விலக்கு கொடுத்துட்டாங்க, சித்த வைத்திய ஏட்டுல இருக்குன்னு சொல்லிட்டா காணிக்கிட்ட வரவேண்டியதில்ல. ஏடு எழுதினவன் யார்கிட்ட கேட்டு எழுதினான்னு யாரும் கேக்க மாட்டாங்க. பாட்டனி படிக்கிறீங்கல்ல, உங்க பஞ்சாயத்துல மக்கள் பல்லுயிர்ப் பதிவேடுன்னு ஒண்ணு இருக்கணும், அத வாங்கிப் பாருங்க. எங்கயோ காப்பி அடிச்ச செடி லிஸ்ட்டா இருந்தா நீங்களே போய் காணிப் பாட்டிங்ககிட்ட உக்காந்து எழுதலாம், எழுதறதுக்கு முன்னாடி எத எழுதலாம் எத எழுதக்கூடாதுன்னு அவங்ககிட்டயே கேட்டுக்கங்க.

கேள்வி: அண்ணா, நாங்க இருளர். பழவேற்காடு ஏரியில எங்கம்மா கையால தடவி இறால் பிடிப்பாங்க. நல்ல இடம் எல்லாம் பாடு முறைக்காரங்களுக்குன்னு எங்கள ஓரமா போகச் சொல்றாங்க. பாடு முறைய எல்லாரும் பெருமையா பேசுறாங்க, யுனிவர்சிட்டில இருந்து கூட வந்து எழுதிட்டுப் போறாங்க. எங்களுக்கு அதுல என்ன? – இளைஞர், பழவேற்காடு

பதில்: தம்பி, நீங்க கேட்டது இந்த மாசம் வந்ததுலயே கஷ்டமான கேள்வி, நானும் பாடு முறைய பெருமையா பேசினவன்தான். தெரியாத வாசகர்களுக்கு: ஏரியில இறால் ஓடுற நல்ல இடங்கள் கொஞ்சம்தான், எல்லாரும் ஒரே நாள் அங்க சுத்து வலை கட்டினா அடிதடி, அதனால சீட்டுப் போட்டு முறை வெச்சு இன்னைக்கு நீ நாளைக்கு நான்னு மாத்திக்கிறது பாடு. நல்ல இடம் ஒருத்தருக்கே நிக்காது. எந்த ஐ.ஏ.எஸ். ஆபீசரும் போட்டுக் கொடுக்கல, ஊரே போட்டது, தலைமுறையா ஓடுது. எண்ணூர்லயும் உண்டு. அனல்மின் நிலையத்துச் சாம்பல் கொசஸ்தலையாத்து முகத்துவாரத்துல படிஞ்சப்ப, கலெக்டர் ஆபீஸ்ல போய் நின்னு எங்க பாடு இடம் தூர்ந்துபோச்சுன்னு சொல்ல முடிஞ்சதுக்கே இடத்துக்கு இடம் பேர் வெச்சு முறை வெச்சிருந்ததுதான் காரணம்.

ஆனா முறை யாருக்குள்ளன்னு பாத்தா பட்டினவர்ங்கிற மீனவர் சாதிக்குள்ள, அதுலயும் குறிப்பிட்ட ஊர்க்குள்ள, ஆம்பளைங்களுக்குள்ள. உள்ள இருக்கிறவங்களுக்கு அவ்ளோ நியாயமான முறை, வெளிய இருக்கிறவங்களுக்கு மூடின கதவு. இத நான் சொன்னா பட்டினவர் நண்பர்கள் கோவிச்சுப்பாங்க, துறைமுகமும் பவர் பிளான்டும் வந்து ஏரியே போகுது, இப்ப போய் எங்களப் பிரிக்கிறியான்னு கேப்பாங்க. கேக்கட்டும். ஏரி போறப்ப நஷ்டஈடு லிஸ்ட் போடுவாங்கல்ல, அப்ப படகு இருக்கா, வலை இருக்கா, சங்கத்துல மெம்பரான்னுதான் கேப்பாங்க. கையும் வாயில கவ்வின பறிக்கூடையும் மட்டும் இருக்கிற உங்கம்மாவ லிஸ்ட்ல எந்தக் கட்டத்துல எழுதுவாங்க? நான் போன ஒரு ஊர்ல அப்படித்தான் ஆச்சு, லிஸ்ட்ல அந்தப் பொம்பளைங்க ஒருத்தர் பேரும் இல்ல, கேட்டா "அவங்க தொழில் பண்றதா யாரும் சொல்லலையே"ன்னாங்க.

பாடு முறையக் கலைக்கச் சொல்ல மாட்டேன், அது கலைஞ்சா அந்த இடத்துல வர்றது நீங்க இல்ல, பெரிய மோட்டார் படகு. மீனவர் கூட்டுறவுச் சங்கத்துல உங்க ஆளுங்க உறுப்பினர் ஆகுறதுக்கு எழுத்துல மனு கொடுங்க, இல்லன்னு சொன்னா அதையும் எழுத்துல வாங்குங்க. ஊர்ப் பெரியவங்ககிட்ட பேசும்போது பாடு வேணும்னு கேக்காம, கரையோரம் எத்தனை அடி ஆழம் வரைக்கும் தடவுறவங்களுக்கு விடணும்னு கேட்டுப் பாருங்க, வலை கட்ட முடியாத ஆழம் அது, அவங்களுக்கு நஷ்டமில்ல.

அதுக்கு முன்னாடி ஒரு வேலை. ஒரு வெள்ளைத் தாள்ல ஏரியோட கரைய வரைஞ்சு, எந்த மாசம் எந்த இடத்துல தடவுறாங்க, அந்த இடத்துக்கு உங்க ஆளுங்க வெச்ச பேரு என்னன்னு அம்மாவ சொல்லச் சொல்லி குறிச்சுக்கிட்டே வாங்க. அளவு எல்லாம் சரியா இருக்கணும்னு இல்ல, எனக்கு ஒரு காப்பி அனுப்புங்க, ஸ்கேல் போட்டு சர்வே நம்பர் ஏத்தித் தர்றேன். கைல சங்கிலி இல்லன்னாலும் அந்த வேலை இன்னும் மறக்கல.